கடற்சேற்று மருந்தும் கலாவின் காலும்

இந்த நோர்வேயில் காலையில் வேலைக்குப் போனதும் என் மூக்கில் ஏறுவது சேற்று நாற்றம். கடலடிச் சேறு. அதில் வாழும் பக்டீரியாக்கள் மற்றக் கிருமிகளைக் கொல்ல எதையாவது சுரக்கின்றனவா என்று தேடுவதுதான் என் பிழைப்பு. இலங்கை மலையகத்தில் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, வளர்ந்த பிறகே கடலைக் கண்டவளுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

ஒருநாள் சேற்று பக்டீரியாவின் சாறு விட்ட சோதனைத் தட்டில் கிருமிப் படலத்தின் நடுவே தெளிந்த வட்டம் ஒன்று விழுந்திருந்தது. அந்த இடத்துக் கிருமி அத்தனையும் செத்திருந்தது. துள்ளிக்கொண்டு ஓடினேன். மேலதிகாரி இங்ரிட் வட்டத்தை விட்டுவிட்டு என் கைகளைப் பார்த்தார். "வேறேதாவது கலந்திருக்கலாம். திரும்பச் செய்." என் மேல் என்ன சந்தேகமோ என்று எரிச்சல் வந்தது. இங்கே முடிவைச் சந்தேகிப்பதுதான் மரியாதை என்பது மண்டையில் ஏற நாளாயிற்று.

அதே வாரம் ஊரிலிருந்து தங்கை கலா வீடியோவில் வந்தாள். வட்டம் விழுந்த அன்றே அவளிடம் அதைச் சொல்லியிருந்தேன். கொழுந்து எடுக்கையில் தேயிலைக் கட்டை குத்திய கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. புண்மேல் மஞ்சளாய் ஏதோ தூள்.

"என்னடி அது?"

"மாத்திரைக் கூட்டை ஒடைச்சுத் தூவிருக்கேன். பக்கத்து வீட்டுல மிச்சம் இருந்துச்சு."

எங்கள் லயத்து வழக்கம் இது. காய்ச்சலுக்குத் தந்ததில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைப் புண்ணுக்கு வைத்துக்கொள்வோம். அரைகுறை மருந்துக்குச் சாகாத கிருமி அதற்கே பழகிவிடும். "இப்பவே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போ!" என்று கத்தினேன்.

"நீதான் மருந்து கண்டுபிடிச்சிருக்கியே, கொஞ்சம் அனுப்பேன். வெள்ளக்காரனுக்கு மட்டுந்தான் குடுப்பியா?"

"அது இன்னும் மருந்தே இல்லடி."

"ஆமா, ஆமா," என்று வைத்துவிட்டாள். கூடப் பிறந்தவளே என்னைக் கள்ளியாக்கியது தாங்கவில்லை.

மறுபடி செய்தபோதும் வட்டம் விழுந்தது. அடுத்து மனித உயிரணுக்களில் சோதித்தோம். அவையும் செத்தன. அதைப் பாசத்தில் அவளுக்கு அனுப்பியிருந்தால்?

காய்ச்சல் முற்றிய பிறகே கலா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழக்கமான மருந்து எதற்கும் புண் அடங்கவில்லை. கடைசியாக ஓர் ஊசி போட்டார்கள். அதற்கும் அடங்காவிட்டால் காலை எடுக்க வேண்டுமாம்.

நேற்று நான் தட்டும் கையுமாக நிற்கும்போது அழைத்தாள்.

"காலு தப்பிச்சிருச்சுக்கா! உண்மையச் சொல்லு, அந்த ஊசி ஒன்னோடதுதானே? சொல்லாமக் கொள்ளாம அனுப்பிட்ட!"

"சத்தியமா இல்லடி."

"நீ அப்படித்தான் சொல்லுவ. வார்டு முழுக்கச் சொல்லிட்டேன், எங்கக்கா மருந்துன்னு."

வலக்கை கையுறைக்குள், கிருமித் தட்டோடு. இடக்கை வெறுங்கையாக, போனில் அவளோடு. கண்ணைத் துடைக்கத்தான் கை இல்லை.