ஆமா போட வந்த அத்தை

என் முதல் ஆல்பம் வெளிவந்தபோது தென்காசியில் கேட்டவர்கள் எல்லோரும் நல்லாருக்கு என்றார்கள். தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சி மட்டும்தான் உண்மையைச் சொன்னார். "பாட்டு பூரா சாரல் விழுது, காத்து வீசுது, எல்லாம் சரி. என்ன நடந்துச்சுன்னு ஒரு எடத்துலயும் சொல்லலியேம்மா?" வீட்டுக்கு வரும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வந்து சேர்ந்ததும் இரண்டாவது ஆல்பத்தில் எல்லாமே கதைப் பாட்டு என்று முடிவெடுத்தேன்.

கம்பெனி எதுவும் கிடையாது. நானும் கிட்டாரும், ஒலிப்பதிவு தெரிந்த கல்லூரித் தோழி ஒருத்தியும்தான். சீசன் இல்லாத மாதங்களில் குற்றாலத்து லாட்ஜ்கள் காலியாகக் கிடக்கும். ஒன்றில் மேல்மாடி அறையைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். பக்கத்து அறை மெத்தைகளையெல்லாம் சுவரில் சாய்த்து, குரங்குகளுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, வேர்க்க விறுவிறுக்கப் பாடினேன். போட்டுக் கேட்டால் பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு மாதிரி இருந்தது.

காரணம் எனக்கே புரிந்தது. கோயில் கொடைத் திருவிழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவள் நான். கதை சொல்கிறவர் ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட வேண்டும். அந்த ஆமா விழுந்தால்தான் கதை அடுத்த அடி எடுத்து வைக்கும். தோழியை ஆமா போடச் சொன்னேன். வகுப்பில் ஆஜர் சொல்வது போலச் சொன்னாள். வேறு வழியில்லாமல் சுரண்டையிலிருந்து அத்தையை வரவழைத்தேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஊர்க்கதை கேட்பதென்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். மைக் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஆமா", "அப்படிப் போடு", "அட பாவி" என்று அவள் போட்ட போட்டில் செத்துக் கிடந்த பாட்டுகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஒரே ஒரு பாட்டுதான் மிச்சம். அது அத்தையின் கதை. ஆல்பத்திலேயே பெரிய பாட்டும் அதுதான், நான் உயிரைக் கொடுத்து எழுதியதும் அதுதான். அத்தை சம்மதித்தால்தான் வெளியே விடுவது என்று முதலிலேயே தீர்மானித்திருந்தேன்.

கதை அப்பா சொல்லி நான் கேட்டது. அத்தையைப் பெண் பார்க்கக் கடையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தென்காசிக்கு வந்தார்கள். நல்ல சாரல் காலம். நல்ல நேரத்துக்கு இன்னும் பொழுது இருந்ததால் அப்பா அவர்களைக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப்போனார். எண்ணெய் தேய்த்து, மெயின் அருவியில் நின்று, வந்ததுதான் வந்தோம் என்று ஐந்தருவிக்கும் போய்விட்டுத் திரும்பியபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா சகுனம் சரியில்லை என்று சொல்லி, கேசரியைக்கூடத் தொடவிடாமல் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த வரன்களையெல்லாம் அத்தை வேண்டாம் என்றுவிட்டாள். தங்கச்சி வாழ்க்கையைக் கெடுத்த பாவி நான்தான் என்று அப்பா இன்றுவரை உருகுவார். அத்தை வீட்டு மிக்ஸி மக்கர் பண்ணினாலும் அவர்தான் சுரண்டைக்கு பஸ் ஏறுவார்.

"அத்த, இது ஒங்க கதை. பிடிக்கலன்னா விட்டுருவோம்" என்றேன்.

"பாடுட்டி, பாப்போம்" என்றாள்.

பாடினேன். கடையத்து வேன் வந்தது, ஆமா. சாரல் விழுந்தது, ஆமா. அண்ணன் அருவிக்குக் கூட்டிப்போனான், ஆமா. குரலில் கண்ணீரைக் குழைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வந்தேன்.

"வாசலப் பாத்துப் பாத்து
வாடி நின்னா பொண்ணு..."

"இல்ல" என்றாள் அத்தை.

தோழி ஹெட்போனைக் கழற்றினாள். நான் அதே வரியை மறுபடி பாடினேன்.

"இல்லட்டி. வாடவும் இல்ல, வதங்கவும் இல்ல. அவியள அருவிக்கு அனுப்புனதே நாந்தான்."

கிட்டாரை இறக்கி மடியில் வைத்தேன். அவள் சாவகாசமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"டீச்சர் ட்ரெயினிங்குல எடம் கெடச்சிருந்துது. எங்கப்பா கல்யாணம்தான் மொதல்லன்னுட்டாவ. அன்னைக்கு அண்ணன் அடுக்களைக்கு வந்து, நேரம் கெடக்கே, இவியள வச்சு என்ன செய்யன்னு முழிச்சாவ. ஐந்தருவில தண்ணி கொட்டுதாம், கூட்டிட்டுப் போங்கண்ணேன்னு நாந்தான் ஏத்திவிட்டேன். குத்தாலத்து அருவில தலயக் குடுத்தவன் எவன்ட்டி சொன்ன நேரத்துக்கு வெளிய வந்திருக்கான்? அவிய கெளம்பிப் போன பொறவு அந்தக் கேசரி பூரா நாந்தான் தின்னேன்."

தோழி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்துவிட்டாள். எனக்கும் வயிறு வலித்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் பரிதாபப்பட்ட பெண், தனக்குப் பிடித்த வேலையைப் பார்த்துக்கொண்டு இத்தனை வருஷமும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறாள். பதிவு ஓடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் அத்தை கவனித்தாள். முகம் மாறிவிட்டது.

"அழிச்சிரு. அண்ணனுக்குத் தெரிஞ்சா எம்மூஞ்சில முழிக்க மாட்டாவ. சொல்லணும்னுதான் நெனச்சேன். மொதல்ல எங்கப்பாவுக்குப் பயந்தேன். வேல கெடச்ச பொறவு சொல்ல வெக்கமாப் போச்சு. அவிய என்னயத் தாங்குததப் பாக்கப் பாக்க இன்னும் வெக்கம்."

அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பாட்டு போச்சே என்ற கஷ்டம் தனி. பழைய வரிகளை இனி எந்த முகத்தோடு பாடுவது? அந்தப் பாட்டு இல்லாமலே ஆல்பத்தை முடித்துவிடலாம் என்று தோழியிடம் சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் அத்தை தானாகவே தென்காசி வீட்டுக்கு வந்து நின்றாள். "அழிச்சிட்டியா?"

"இல்ல அத்த. இனிமேதான்."

"அழிக்காத. அண்ணனுக்குப் போட்டுக் காட்டு. அவிய சரின்னா வெளிய விடு. வேண்டாம்னா அத்தோட போட்டும்."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு ஆமாவுக்கும் தலையாட்டினார். அந்த 'இல்ல' வந்ததும் தலை நின்றது. அத்தை சொன்னது முழுவதும் ஓடி முடிந்த பிறகும் அவர் நிமிரவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்தார். அடுக்களை வாசலில் அம்மா கரண்டியோடு நின்றாள்.

அத்தை முந்தானையைத் திருகிக்கொண்டே, "அண்ணே, ஏசணும்னா ஏசிருங்க" என்றாள்.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏட்டி, படிக்கப் போவணும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப் புடாதா? அவனுவள அப்படியே பழைய குத்தாலத்து அருவிக்கும்லா கூட்டிட்டுப் போயிருப்பேன்!"