சண்முகக்கனி மன்னிக்கவில்லை

கோவில்பட்டியில் என் பிளக்ஸ் கடையில் ஒரு சடங்கு வீட்டு பேனருக்குத் தாய்மாமன்களின் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த காலையில் சண்முகக்கனியின் அம்மா மாரியம்மாள் அத்தை போன் செய்தார். எப்போதும் "சாப்ட்டியாய்யா?" என்றுதான் ஆரம்பிப்பார். அன்று அதைக் கேட்கவில்லை. "கனி போயிட்டாய்யா" என்றார். பின்னால் ஆடுகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. விடிந்து வெகுநேரமாகியும் பட்டியைத் திறந்துவிட யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

சண்முகக்கனி என்று சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியாது. ஆட்டு டாக்டரம்மா என்றால் தெரியும். அவள் டாக்டர் இல்லை. கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுகிற தற்காலிக வேலைதான். ஸ்கூட்டியில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புதூருக்கும் விளாத்திகுளத்துக்கும் இடையில் அவள் போகாத ஊர் கிடையாது. ஆட்டின் காதைச் செல்லமாகப் பிடித்துக்கொண்டு ஆட்டுக்காரரைத் திட்டுவாள். புற்றுநோய் வந்து, மதுரைக்கும் ஊருக்குமாக அலைந்து, நாற்பதைத் தொடாமலே போய்விட்டாள். பொறுமைசாலி, யாரையும் நோகடிக்காதவள் என்றெல்லாம் இங்கே எழுதினால் எழுந்து வந்து என்னை அடிப்பாள். அவள் பழிவாங்கத் தெரிந்தவள். அதைத்தான் எழுதப்போகிறேன்.

நானும் அவளும் ஒரே ஊர், ஒரே வகுப்பு. ஊரில் கேபிள் இணைப்பு இருந்த ஒரே வீட்டில் ஒரு தீபாவளி விடுமுறை மத்தியானம், அவளும் நானும் அவள் தம்பி பேச்சிமுத்துவும் தரையில் உட்கார்ந்து ஓர் ஆங்கிலப் படத்தைத் தமிழ்க் குரலில் பார்த்தோம். தமிழில் அதற்குக் 'கரிமுகன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு சுரங்க முதலாளி, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே சுரங்கத்தை மூடிவிடுகிறான். தங்கையைப் பறிகொடுத்த ஒருவன் மட்டும் வெந்த முகத்தோடு வெளியே வருகிறான். துப்பாக்கி கிடையாது, பறக்கவும் தெரியாது. இருட்டில் நிற்பான், அவ்வளவுதான். அவன் நிற்பது தெரிந்ததுமே தப்பு செய்தவர்கள் நடுங்கிப்போவார்கள். படம் முழுவதும் மழை பெய்துகொண்டே இருந்தது. கரிசல்காட்டில் வானத்தைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, கரிமுகனைவிட அந்த மழைதான் பெரிய அதிசயமாக இருந்தது.

முதலாளியை அவன் சுரங்க வாசலுக்குத் துரத்திக்கொண்டு வந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் பள்ளியில் எல்லோரும் முடிவைக் கேட்டார்கள். நான் விழித்தேன். கனி யோசிக்கவேயில்லை. "அந்த மொதலாளிய காலப் புடிச்சு இழுத்துட்டுப் போயி, அதே குழிக்குள்ள போட்டு மூடிட்டான்லே. மேல நின்னு சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருந்தான்" என்றாள். பிறகு எங்கள் ஊரில் அதுதான் படத்தின் முடிவாக இருந்தது. சீமைக்கருவேல விறகை மண் போட்டு மூடி எரிக்கிற கரிமூட்டம் ஊரைச் சுற்றி நிறைய உண்டு. அங்கே பொறுக்கிய கரியைப் பேச்சிமுத்து முகமெல்லாம் அப்பிக்கொண்டு திரிவான். அதைக் கழுவ அவன் அம்மா படும் பாட்டைப் பார்த்து நாங்கள் சிரிப்போம்.

கனி பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் கண்மாயில் மண் அள்ளினார்கள். மேலாக வண்டல் எடுக்கத்தான் அனுமதி என்றார்கள். ஆனால் இயந்திரம் இறங்கிய இடத்தில் பனை உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. அள்ளிய கான்ட்ராக்டர் பக்கத்து ஊர்க்காரன். அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்தது. பள்ளத்தையும் தண்ணீர் மூடிக்கொண்டது. வழக்கமாக முழங்காலுக்குமேல் நனையாத இடம். ஓர் ஆட்டுக்குட்டி வழுக்கி விழுந்தது என்று பேச்சிமுத்து இறங்கினான். குட்டி கரையேறிவிட்டது.

"நீச்சல் தெரியாத பையன் தண்ணியில எறங்கிட்டான். அதுக்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று கான்ட்ராக்டர் பஞ்சாயத்தில் நின்று சொன்னான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். மாரியம்மாள் அத்தை மயங்கிக் கிடந்தார். கனி கூட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். அழவில்லை. "தண்ணியில எறங்கல. நீ வெட்டுன குழியில எறங்கிட்டான்" என்றாள். அதன் பிறகு சாகிறவரைக்கும் அவன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. மண்ணுக்காரன் என்பாள். நானும் அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

வழக்கு சில காலம் நடந்து தானாக ஓய்ந்தது. அவளைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், "அந்தச் சமாச்சாரத்த மட்டும் விட்டுரணும்" என்று கேட்டது. "அது சமாச்சாரம் இல்ல, என் கூடப்பொறந்தவன்" என்று சொல்லிக் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மண்ணுக்காரன் வளர்ந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார் என்று ஆகி, ஒன்றியத் தேர்தலில் நின்றான். கனி வேலைக்கு லீவு போட்டாள். ஸ்கூட்டியில் பேச்சிமுத்துவின் பள்ளிக்கூடப் போட்டோவைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். மைக் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. காலையில் பட்டி திறக்கிற நேரத்தில் போய் நிற்பாள். ஆட்டைத் தடவிக்கொடுப்பாள். "ஒங்க பிள்ளையும் ஆடு பத்திக்கிட்டுக் கண்மாய்க்குத்தான போறான்? பாத்துப் போகச் சொல்லுங்க. என் தம்பி அப்படித்தான் போனான்" என்பாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஓட்டு போடாதே என்றுகூடச் சொன்னதில்லை. ஒருநாள் நான் கூடப் போயிருந்தேன். மண்ணுக்காரனின் ஆட்கள் இரண்டு பைக்கில் வந்து வழிமறித்தார்கள்.

"ஏட்டி, ஒழுங்கா வீட்டுக்குப் போ. வேலை போயிரும்."

"போவட்டும். கவர்மெண்டு சொல்லியா ஆட்டுக்குச் சீக்கு வருது? நான் வந்து நின்னா இந்த ஊர்ல ஒருத்தன் ஊசி வேண்டாம்னு சொல்லுவானான்னு கேட்டுப் பாரு."

பின்னால் உட்கார்ந்திருந்த நான் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் ஸ்கூட்டியை அவர்கள் நடுவில் விட்டு ஓட்டிக்கொண்டு போனாள். பட்டியில் நின்றிருந்த ஆட்டுக்காரர்கள் தொரட்டிக் கம்புகளோடு ரோட்டுக்கு வந்துவிட்டதைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

மண்ணுக்காரன் தோற்றான். அவன் சொந்த ஊரிலேயே அவனுக்கு ஓட்டுக் குறைந்துபோனது. முடிவு வந்த அன்று கனி என் கடைக்கு வந்து, டீயும் வடையும் வாங்கித் தரச் சொல்லிச் சாப்பிட்டாள். "சந்தோஷமா?" என்று கேட்டேன். "பசிக்குது. இன்னொரு வடை சொல்லு" என்றாள்.

போன சித்திரையில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். முடியெல்லாம் கொட்டித் தலையில் துண்டு கட்டியிருந்தாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தப் படத்துக்கு வந்தது. போனில் தேடினேன், கிடைத்தது. அதே தமிழ்க் குரல். மத்தியான வெயிலில் கதவைச் சாத்திவிட்டு, டிவியில் போட்டுப் பார்த்தோம். பார்க்கப் பார்க்கச் சிரிப்புதான் வந்தது. வெந்த முகம் என்று நாங்கள் பயந்தது ரப்பர் முகமூடி. காதோரத்தில் அது பிரிந்துகொண்டு நின்றது. மழை அவன்மேல் மட்டும் பெய்தது, பின்னால் ரோடு காய்ந்து கிடந்தது. "இதுக்காகவாலே வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தோம்?" என்று அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். தங்கை குழிக்குள் கிடந்து அண்ணனைக் கூப்பிடுகிற இடத்தில் மட்டும் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கரண்ட் போன இடத்தைத் தாண்டி அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம். முதலாளி சுரங்க வாயில் தொங்குகிறான். கரிமுகன் கையைக் கொடுத்து அவனை மேலே தூக்கிவிடுகிறான். "உன்னைக் கொன்றால் நானும் உன்னைப் போல் ஆகிவிடுவேன். மன்னிக்கிறேன், போ" என்கிறான். பின்னால் வயலின் வாசிக்கிறார்கள்.

"ஏலே, நிப்பாட்டு" என்றாள். நிறுத்தினேன். துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"மன்னிக்க இவன் யாருலே? குழிக்குள்ள கெடக்கது தங்கச்சில்லா? மன்னிக்கணும்னா அவ ஏறி வந்து மன்னிக்கட்டும்."

"அப்போ நீ சின்ன வயசுல சொன்ன முடிவுதான் சரி" என்றேன்.

"அதுவும் சரியில்ல. குழியில போட்டு மூடிட்டா அன்னைக்கே அவனுக்கு முடிஞ்சு போவும். அவன் இருக்கணும். நல்லா சாப்பிட்டுக்கிட்டு, வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு இருக்கணும். போற எடத்துல எல்லாம் ஆளுக அவன் என்ன செஞ்சான்னு தெரிஞ்சு பாக்கணும். நான் அதுக்குத்தாம்லே ஊர் ஊராப் போனேன்."

அவள் படுக்கையில் விழுந்த பிறகு மண்ணுக்காரன் ஒரு பெரியவரைத் தூது அனுப்பினான். நேரில் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போக வேண்டுமாம். அவன் மறுபடியும் தேர்தலில் நிற்கப்போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரியவர் நல்லவர். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த நேரத்துல மனசுல பகை வேண்டாம் தாயி" என்றார். கனியின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "எனக்குப் பகையெல்லாம் ஒண்ணும் இல்ல பெரியப்பா. ஒரு தம்பி இருந்தான், அவ்வளவுதான்" என்றாள். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவள் இறந்த அன்று ஊருக்குக் கிளம்ப நான் கடையைப் பூட்டப்போகும் நேரத்தில் ஓர் ஆள் வந்தான். "அண்ணாச்சி, அவசரமா ஒரு கண்ணீர் அஞ்சலி அடிக்கணும்" என்று போனை நீட்டினான். ஒரு மூலையில் கனியின் படம், எங்கிருந்து எடுத்தார்களோ, ஊசி போடும்போது யாரோ எடுத்தது. பிளக்ஸின் பாதிக்குக் கன்னத்தில் கை வைத்தபடி மண்ணுக்காரன். 'எங்கள் அன்புச் சகோதரிக்கு' என்று வாசகம்.

"மெஷின் ஓடாது" என்றேன்.

"இப்பதான ஓடிட்டு இருந்துச்சு?"

"இவனுக்கு ஓடாது. போயி அப்படியே சொல்லு."

வேறு கடையில் அடித்துக்கொண்டார்கள். நான் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது ஊர் நுழைவில், வேம்பின் கிளையில் அது கட்டப்பட்டிருந்தது. வெள்ளைக் கார் தள்ளி நின்றது. துக்கத்துக்கு வந்த சனம் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றது. யாரோ மாரியம்மாள் அத்தையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மகளின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தார். கையில் ஆட்டுக்குக் குழை ஒடிக்கிற தொரட்டி. "வேண்டாம் மயினி" என்று பெண்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். அத்தை அண்ணாந்து பார்த்தார். மகள் படம் இருந்த மூலையை விட்டுவிட்டு, தொரட்டியை அவன் நெற்றியில் மாட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். பிளக்ஸ் கிழிகிற சத்தம் நீளமாகக் கேட்டது. கிழிந்ததைக் காலால் ஒதுக்கிவிட்டு, "எம்பிள்ளய எடுங்கய்யா, நேரமாவுது" என்றார்.

கார் திரும்பிப் போனது. யாரும் அதற்கு வழிவிட அவசரப்படவில்லை. ஆடுகள் ரோட்டில் நின்றன.

அவளைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்ல நினைவுகள் உங்களிடம் நிறைய இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மிஞ்சியது வேறு. போன வாரம் கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் மண்ணுக்காரன் வரிசையாக ஒவ்வொருவருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டே வந்தான். பக்கத்து நாற்காலிக்காரர்கள் எழுந்து கும்பிட்டார்கள். என் முன்னால் வந்து நின்று, கைகூப்பி, சிரித்தான். நான் எழுந்திருக்கவில்லை. என் கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தேன். அவன் சிரிப்பு முதலில் போனது. கூப்பிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.