ஐந்தருவியில் நான் கத்திச் சொன்னது

எங்கள் பள்ளிக்கூடத்து டைம் டேபிளில் நீதிபோதனை என்று ஒரு பீரியட் உண்டு. வெள்ளிக்கிழமை கடைசி. பெயருக்குத்தான் நீதிபோதனை. பாதி வருஷம் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், பரீட்சை நெருங்கினால் கெமிஸ்ட்ரி டீச்சர் எடுத்துக்கொள்வார். மிச்சம் ஏதாவது இருந்தால் பிள்ளைகள் கிரவுண்டுக்குப் போவார்கள். பதினோராம் வகுப்புக்கு அந்தப் பீரியடை எனக்குக் கொடுங்கள், பிள்ளைகளைச் சண்டை போடாமல் விவாதிக்கப் பழக்குகிறேன் என்று தலைமையாசிரியரிடம் போய் நின்றேன்.

"மொதல்ல ஸ்டாஃப் ரூம்ல அதப் பழக்கிக் காட்டும்வே" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் வரலாற்று வாத்தியார், முன்கோபி. ஸ்டாஃப் ரூமில் மின்விசிறியைக் கூட்டி வைப்பதற்குக்கூடச் சண்டை போட்டிருக்கிறேன். பீரியட் கிடைத்தது. கூடவே 'பட்டிமன்ற வாத்தியார்' என்ற பட்டமும் கிடைத்தது. சிரித்து மழுப்பினேனே தவிர உள்ளே எரிந்தது. இவர்கள் ஒருநாள் வந்து பார்க்கவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

வகுப்புக்கு ஒரு விதி வைத்தேன். ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், முதலில் அவர் என்ன சொன்னார் என்பதை உன் வாயால் நீ சொல்லவேண்டும். அவர் "அதேதான்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் நீ மறுக்கலாம். சீசன் நேரத்தில் அருவியில் குளிக்க உள்ளூர்க்காரர்களுக்குத் தனி வரிசை வேண்டுமா என்று முதல் விவாதம். வேண்டாம் என்று பேசிய ஒரு பெண்ணை மறுக்க எழுந்தான் ஒருவன். "இவ வெளியூர்க்காரனுக்கு சப்போர்ட் பண்ணுதா சார்" என்றான். "அது இல்ல" என்றாள். வேறு மாதிரி சொன்னான். "அதுவும் இல்ல." கடைசியில் அவள் சொன்னதை அவன் சரியாகச் சொல்லி முடித்தபோது, மறுக்க வந்தது அவனுக்கே மறந்துபோயிருந்தது. வகுப்பே சிரித்தது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போன நடையே வேறு.

இன்னொரு விதியும் இருந்தது. இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டிப் போகக்கூடாது. அதைப் போர்டில் எழுதியவன் நான்தான். எழுத்தாவது கொஞ்சம் கோணலாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அத்தனை அழகாக எழுதியிருந்தேன்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒருவர் மனம் நோகக்கூடாது என்று சொல்லும் பொய் தப்பா என்று கேட்டேன். தப்பில்லை என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, தனி வரிசை வேண்டாம் என்று அன்றைக்குப் பேசிய அதே பெண் எழுந்தாள். அவளுடைய அப்பா சவுதியில் லாரி ஓட்டுகிறவர்.

"எங்கப்பா தெனமும் போன் பண்ணுவாங்க. நல்லாருக்கோம்னு சொல்லுவோம். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்து ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் நல்லாருக்கோம்னுதான் சொன்னோம். இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. வீடியோ கால்ல அவங்களும் முகத்த மட்டுந்தான் காட்டுவாங்க. பின்னால சுவரு மாறிக்கிட்டே இருக்கு. கேட்டா, ரூம் மாத்துனோம், நல்லாருக்கேன்ம்பாங்க. ரெண்டு பக்கமும் நல்லாருக்கோம்னு சொல்லிட்டு வச்சிருதோம். பாசந்தான் சார். ஆனா எங்கப்பாவுக்கு எங்களயும் தெரியாது, எங்களுக்கு அவங்களயும் தெரியாது."

பொய்யில் தப்பில்லை என்று பெரிய குரலில் பேசியவனே தலையைக் குனிந்துகொண்டான். எனக்குக் கண் கலங்கியது. அதைவிட அதிகமாகப் பெருமை வந்தது. அந்தப் பெருமைதான் வினை.

அடுத்த வாரம் அவள் அப்பா லீவில் வந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் மனைவியோடு ஐந்தருவிக்குப் போயிருந்தேன். நல்ல சாரல், நல்ல கூட்டம். மனைவி பெண்கள் பக்கம் குளிக்கப் போய்விட்டாள். பையையும் துண்டையும் காவல் காத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் ஓடி வந்து, "அப்பா, எங்க சார்" என்று அவரை என்னிடம் விட்டுவிட்டு அம்மாவோடு குளிக்கப் போனாள். அவர் கையிலும் ஒரு பை, ஒரு துண்டு, ஒரு பொட்டலம் ரம்புட்டான் பழம். வெயிலில் கறுத்த மனிதர். சிரிக்கும்போது கொஞ்சம் கூச்சம்.

"பிள்ள எப்படி சார் படிக்கா?" என்றார்.

நல்லாப் படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு ஒரு ரம்புட்டானை வாங்கித் தின்றிருக்கலாம்.

"படிப்ப விடுங்க. என் கிளாஸ்ல உங்க பொண்ணு பேசுனத நீங்க கேட்டிருக்கணும்" என்றேன்.

"என்ன சார்?" அருவிச் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை.

நான் கத்தினேன். போனில் நல்லாருக்கோம், நல்லாருக்கோம் என்று வீட்டில் எல்லாரும் பொய் சொல்கிறோம் என்று சொன்னாள், வகுப்பே ஆடிப்போய்விட்டது, இந்த வயதில் யாருக்கு இந்த யோசனை வரும் என்றெல்லாம் கத்தினேன். பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆபரேஷன் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். விஷயத்தைச் சொல்லிவிடவில்லை என்று எனக்கு நானே ஒரு சபாஷ் கூடப் போட்டுக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. என் காதுக்குப் பக்கத்தில் வந்தார். "எங்கிட்ட எத மறைச்சாங்களாம் சார்?"

"அது... இப்பதான் நல்லாருக்காங்களே, விடுங்க."

"யாரு?"

என் கண் பெண்கள் பக்கம் போய்விட்டது. அவரும் அந்தப் பக்கம் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் தாயும் மகளும் ஈரத் தலையோடு, குளிரில் நடுங்கிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர் துண்டை நீட்டினார். மனைவியின் முகத்தை அவர் பார்த்த பார்வையில் அந்தம்மாவின் சிரிப்பு நின்றது. பெண் அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் என் மனைவியைத் தேடுகிறவன் மாதிரி நகர்ந்துகொண்டேன்.

அந்த வாரம் வியாழன் வரை அவள் பள்ளிக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்தாள். கடைசிப் பீரியடில் நான் தலைப்பைச் சொல்வதற்குள் எழுந்தாள்.

"சார், இன்னைக்கு உங்கள மறுத்துப் பேசலாமா?"

பையன்கள் ஹோ என்றார்கள். பேசு என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

விதிப்படி முதலில் என் பக்கத்தைச் சொன்னாள். "நீங்க அருவில எங்கப்பாவப் பாத்தீங்க. நான் பேசுனதுல உங்களுக்கு சந்தோஷம். அவங்களும் சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சீங்க. அந்த அருவிச் சத்தத்துல யோசிக்க முடியல, வாய் தவறி வந்துட்டு. எனக்குக் கெடுதல் பண்ணணும்னு நீங்க நெனைக்கல. சரியா சார்?"

எனக்காக ஒரு வக்கீலை வைத்திருந்தால்கூட இத்தனை நயமாகப் பேசியிருக்க மாட்டார். ஆனால் அது உண்மை இல்லை. வாய் ஒன்றும் தவறவில்லை. தலைமையாசிரியரும் ஸ்டாஃப் ரூமும் தராத பாராட்டை அந்த மனிதரிடம் வாங்கிவிடப் பார்த்தேன். அந்த வீட்டு வேதனையை என் வகுப்பின் பெருமையாக விரித்துக் காட்டினேன். இல்லை, அது இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. முப்பது, நாற்பது முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அதேதான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்பா அன்னைலேர்ந்து அம்மாகிட்டப் பேசல. அம்மா எங்கிட்டப் பேசல. அப்பாகிட்ட சொல்லிருவோம்னு நான் அம்மாவ ஒவ்வொரு நாளும் கெஞ்சிட்டிருந்தேன் சார். நம்ம கிளாஸ்ல மாதிரியே, அம்மா பயத்த மொதல்ல நான் சொல்லி, அதேதான்னு அவங்க சொன்னப்புறந்தான் என் பக்கத்தச் சொன்னேன். குளிச்சிட்டு வந்து சொல்லுதேன்னு அன்னைக்குத்தான் அம்மா சம்மதிச்சாங்க."

"ஸாரிம்மா" என்றேன்.

முன்பெஞ்சில் இருந்தவன் மெதுவாகச் சொன்னான்: "சார், மொதல்ல அவ சொன்னதச் சொல்லணும்."

முயற்சி செய்தேன். "நான் அவசரப்பட்டுட்டேன்னு நீ சொல்லுத."

"அது இல்ல சார்."

"உங்கிட்டக் கேட்டுட்டு நான் சொல்லியிருக்கணும்."

"அதுவும் இல்ல."

அம்மாவின் வாயிலிருந்து அவள் அப்பா கேட்டிருக்க வேண்டியதை நான் பிடுங்கிவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் போர்டைத் துடைக்கத் திரும்பினேன். மணி அடித்தது. "பரவால்ல சார்" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

அவள் அப்பா லீவு முடிந்து போய்விட்டார். வகுப்பு இப்போதும் நடக்கிறது. போன மாதம் தலைமையாசிரியரே வந்து பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். அவர் கேட்டதில் பாதி அந்தப் பெண் பேசியது. யார் பக்கத்தையும் அவளைப் போல் சரியாக எடுத்துச் சொல்ல அந்த வகுப்பில் ஆள் இல்லை. வீட்டைப் பற்றி மட்டும் அவள் பிறகு வாய் திறக்கவே இல்லை.

நேற்று பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் அவளைப் பார்த்தேன். அப்பா போன் பண்ணுகிறாரா, அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் பேச்சை ஆரம்பித்தேன்.

அவள் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"எல்லாரும் நல்லாருக்கோம் சார்" என்றாள்.