கொடுமைக்கார மாமியாரிடம் ஒரு கேள்வி

எங்கள் பனியன் கம்பெனி ஆயுத பூஜைக்கு ஒரு பழைய நடிகை வந்திருந்தார். நாடக மேடையில் தொடங்கி, சினிமாவில் கொடுமைக்கார மாமியாராகவே பேர் வாங்கியவர்.

என் மாமியார் நேராக அவரிடம் போய், "ஏனுங்க, படத்துல மருமகளப் பட்டினி போட்டீங்களே, மனசு வந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்குக் கூசிப்போனது.

நடிகை சிரிக்கவில்லை. "வரலீங்க. நாடகத்துல நடிச்சப்பவே அந்தக் காட்சி முடிஞ்சா எனக்குச் சோறு இறங்காது. மருமகளா நடிச்ச பொண்ணு சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவேன்" என்றார்.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதுதான் எனக்கு.

அன்று மதியம் வீட்டில் முதல் இலையை எனக்குப் போட்டார். "உக்காரு கண்ணு" என்றார். அழுகையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போதும் டிவியில் அந்த நடிகை மருமகளைத் திட்டினால், எனக்கு அவர்மேல் கோபமே வருவதில்லை.