ரஹ்மத் மாற்றிய கட்டில்

போன வாரம் பக்கத்து வீட்டில் தடுப்புச் சுவர் வேலை முடிந்தது. எங்கள் வீட்டுக்கு டீயும் சூடான வர்க்கியும் வந்தன. அந்தச் சுவர் எப்படி வந்தது தெரியுமா?

குன்னூரில் எங்கள் தெரு ஒரு சரிவில் இருக்கிறது. (இங்கே எதுதான் சரிவில் இல்லை?) பக்கத்து வீட்டு யூசுஃப் பாய்க்கு மார்க்கெட்டில் பூண்டு வியாபாரம். மலையைச் செங்குத்தாக வெட்டி, அதை ஒட்டியே வீடு கட்டியிருந்தார். படுக்கையறை பின்பக்கம். ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் மண்.

மழைக்காலத்துக்கு முன்னால், எந்த வீட்டுக்கு மண்சரிவு ஆபத்து என்று கணக்கெடுக்க ஒரு குழு வந்தது. கூடவே நிலவியல் படித்த ஒரு பெண் அதிகாரி.

யூசுஃப் பாய் வாசலிலேயே மறித்துவிட்டார். இத்தனை வருஷ மழையில் ஒரு கல்கூட விழுந்ததில்லை என்று வாதாடினார். ஆபத்து என்று எழுதிவிட்டால் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம். பாடுபட்டுக் கட்டிய வீடு... பயம் இருக்காதா?

அவர் மனைவி ரஹ்மத் பக்கவாட்டுச் சந்து வழியாக அதிகாரியைப் பின்பக்கம் கூட்டிப் போனார். துணைக்கு நான்.

மேலே நிலம் பிளந்திருந்தது. ஒரு சில்வர் ஓக் மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. மழைத் தண்ணீர் வடிய வழியே இல்லை. சரிவைப் படிக்கட்டு மாதிரி வெட்டிச் சுவர் கட்ட வேண்டும், கனமழை எச்சரிக்கை வந்தால் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார் அதிகாரி. அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம்.

"சுவர் கட்டற வரைக்கும் இந்த ரூம்ல யாரும் படுக்காதீங்க."

அன்று மாலையே ரஹ்மத் கட்டிலைக் கழற்றினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். யூசுஃப் பாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, மலை நம்ம பேச்சக் கேக்காதுங்க," என்றார் ரஹ்மத். "நீங்களாவது என் பேச்சக் கேளுங்க."

கட்டில் முன்னறைக்கு வந்தது. பூண்டு மூட்டைகள் பின்னறைக்குப் போயின.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. எச்சரிக்கை எதுவும் இல்லை. நாலைந்து நாளாக விடாத தூறல் மட்டும். தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு யூசுஃப் பாய் வழக்கம்போல ஒரு தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி சத்தம். ஓடினேன்.

இருவரும் தெருவில் நின்றிருந்தார்கள். செருப்புகூட இல்லை. பின்னறைச் சுவர் உடைந்து, கட்டில் கிடந்த இடத்தில் ஜன்னல் உயரத்துக்குச் சேறு. மூட்டைகள் எல்லாம் அதற்கு அடியில்.

"அக்கா... இவ மட்டும் கட்டில மாத்தாம இருந்திருந்தா..." என்றார் யூசுஃப் பாய். ரஹ்மத் அவர் கையை விடவேயில்லை.

மேட்டுப்பாளையத்தில் ரஹ்மத்தின் தம்பி வீட்டில் தங்கினார்கள். அதிகாரிக்குப் போன் செய்து கூப்பிட்டது யூசுஃப் பாயேதான். இந்த முறை அவரே முன்னால் நடந்து எல்லா இடத்தையும் காட்டினார். அதிகாரி சொன்னபடியே சரிவை வெட்டி, தண்ணீர் வடியக் குழாய் வைத்துச் சுவர் எழுப்பி, பின்னறையைச் சரிசெய்து... இதோ, குடிவந்தாயிற்று.

ஆபத்து எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது. மீதிப் பாதிக்கு — சொன்ன அன்றே கட்டிலைக் கழற்றுகிற ஆள் ஒருவர் வீட்டில் வேண்டும்.