அவள் கேட்ட பெரிய லென்ஸ்

காலை ஆறு இருபதுக்குச் செய்தி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து மச்சான் மணி கூப்பிட்டான். மாற்றுத் துணி எடுப்பதற்காக முதல் நாள்தான் நான் வீட்டுக்கு வந்திருந்தேன்.

"மாமா… அக்கா போயிடுச்சு மாமா."

கையில் நித்யாவின் நைட்டி இருந்தது. வெயிலில் காய்ந்த துணியின் வாசனை… அதை மடித்துப் பையில் வைத்தேன். ஜிப்பையும் இழுத்து மூடினேன். அழுகை வரவில்லை. இதுவரைக்கும் வரவில்லை.

நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம். படத்திறப்பு. மாலை போட்டு மாட்ட என் மனைவியின் ஒரு போட்டோ வேண்டும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், "இது நானில்லீங்க, பியூட்டி பார்லர்" என்று அவளே கிண்டலடித்த முகம்தான் இருக்கிறது. அதனால் அலமாரியிலிருந்து எங்கள் முதல் கேமராவை எடுத்தேன்.

கல்யாணமான முதல் வருஷம் வாங்கியது… தேரடி வீதியில் ஒரு சின்னக் கடை. டப்பாவைத் திறந்ததும் வந்த அந்தப் புது ரப்பர் வாசனை! இரண்டு பேருக்குமே கேமரா பிடிக்கத் தெரியாது. ஆனாலும் நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் அல்லவா… சென்சார், மெகாபிக்சல், ஷட்டர் என்று பேசிப் பேசி அவள் உயிரை வாங்கியிருந்தேன்.

கடைக்காரர் இரண்டு லென்ஸை எடுத்து வைத்தார். ஒன்று குட்டை, அகலமாக எடுக்கும் வைடு. இன்னொன்று நீளம், தூரத்தில் இருப்பதை இழுக்கும் ஜூம். நித்யாவின் கை நேராக நீளமானதுக்குத்தான் போனது.

"ஏங்க, இந்தப் பெருசு வாங்கலாங்க."

"எதுக்குடி? மலை வாசல்லயே நிக்குது. அதுக்குப் போய் யாராச்சும் ஜூம் போடுவாங்களா?"

கடைக்காரரும் சிரித்தார். "சார் சொல்றது கரெக்ட்தாம்மா. நம்ம ஊருல ஜூம் அவ்வளவா போவாது."

மலையடியில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இருக்கும் நினைப்பு அது. மலை பெரிசு, பக்கத்தில் இருக்கிறது, முழுசாக அடங்க வைடுதான் சரி. அதையே வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்தேன். ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னங்க இது… அண்ணாமலையாரப் புத்து மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க?"

நிஜம்தான். மேலே ஒரே வானம், கீழே தண்ணீர் டேங்குகள், நடுவில் ஒரு மண்மேடு.

அந்தத் தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்று சொல்லி, பெரிய லென்ஸை வாங்க வைத்தாள்.

ஒரு விடிகாலை பைக்கில் ஊருக்குக் கிழக்கே போனோம். திண்டிவனம் ரோட்டை விட்டு இறங்கினால் அறுவடை முடிந்த வயல். வெறும் கண்ணுக்கு மலை எங்கோ தூரத்தில், நீலமாக, சின்னதாக… அவள் கேமராவைக் கண்ணில் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க வந்து பாருங்களேன்…"

பார்த்தேன். மாட வீதியில் நின்றால் வானத்தை மறைக்கிற ராஜகோபுரம், மலையின் காலடியில் ஒரு பொம்மை போல நின்றது. அதன் பின்னால் மலை எழுந்து… எழுந்து… படம் முழுக்க மலை. உச்சியில் மட்டும் முதல் வெயில்.

கிட்டே நின்றால் கோபுரம்தான் பெரிது. தள்ளிப் போகப் போகத்தான் மலையின் அளவு தெரியும். காலேஜில் இதைக் கணக்காகப் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பொறந்ததுலேந்து இதுக்குக் கீழதான் இருக்கேன். இன்னிக்குத்தாங்க பாக்கறேன்" என்றாள், ரொம்ப மெதுவாக.

அவளையும் மலையோடு சேர்த்து எடுக்க ஆசைப்பட்டேன். அந்த லென்ஸில் மூக்கு மட்டும்தான் விழுந்தது. பின்னால் போனேன். வரப்பு தாண்டி, கிணறு தாண்டி, கத்தினாலும் கேட்காத தூரம்… கடைசியில் போனில் கூப்பிட்டாள்.

"எங்கங்க போறீங்க? திண்டிவனமே போயிடுவீங்க போலிருக்கே!"

"நீ இன்னும் ஃபுல்லா வரலடி. ஆடாம நில்லு."

"நின்னுனுதான் இருக்கேன். சீக்கிரம் எடுங்க, நாய் ஒண்ணு மொறைக்குது!"

எடுத்தேன்.

இப்போதெல்லாம் ஒரே போனுக்குள் எல்லா லென்ஸும் இருக்கிறது. விரலால் இழுத்தால் மலை கிட்டே வருகிறது. யாரும் வயல் தாண்டிப் போக வேண்டியதில்லை…

இன்று மத்தியானம் கேமராவின் மெமரி கார்டில் அந்தப் படம் கிடைத்தது. பின்னால் அவ்வளவு பெரிய மலை. முன்னால் அவள், காதில் போனை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மணிக்கு அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டான்.

"மாமா, போன் பேசற போட்டோவையா மாலை போட்டு மாட்டுவாங்கன்னு அம்மா சத்தம் போடுது. பிரேம் கடைக்காரர் போனை அழிச்சிட்டு, கையில பூ வெச்சுத் தரேன்றார்."

"வேணாம்டா. போன் இருக்கட்டும்."

"ஏன் மாமா?"

"அந்தப் பக்கம் பேசறது நான்டா."



"சரி மாமா. அப்படியே போடச் சொல்றேன். அம்மா கிட்ட நான் பேசிக்கறேன்."

அதற்குப் பிறகு அத்தை, பெரியப்பா என்று வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, வேறு நல்ல படமே இல்லையா என்று. இதை லேப்டாப்பில்தான் எழுதுகிறேன். போனை அணைத்துவிட்டேன்.