கிடா தின்ற கீரை

மம்சாபுரத்துக்கு மேற்கே சரளைக் காட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவன் நான். கிறுக்கன் என்றார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், ராஜபாளையத்தில் வெளியூர் லாரிக் காய் ஏறாத காய்கறிக் கடையை நடத்திக் காட்டினேன். தை தாண்டாது என்று சிரித்தவர்கள் இன்று அங்கே பையோடு வரிசையில் நிற்கிறார்கள். சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடங்களின் மதியச் சோற்றில் காலையில் பறித்த முருங்கைக்கீரை விழுகிறது என்றால், அதுவும் என் வேலைதான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் போட்டேன். எனக்குக் கீரை போடுகிறவர் தம் வீட்டுக்கென்று ஒரு கட்டு எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியைக் கொண்டுவர வேண்டும். அதற்கு வீட்டுக்கட்டு என்று பேர் வைத்தவனும் நானே.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன்.

எங்கள் அய்யா குத்தகைத் தோட்டத்தில் கீரை போட்டார். விடியுமுன் பறித்து, வாழைநாரில் கட்டி, முதல் பஸ்ஸில் ராஜபாளையம் சந்தைக்குக் கொண்டுபோவார். வீட்டில் கம்மங்கஞ்சியும் வெங்காயமும்தான். கட்டின கட்டை வீட்டுக்கென்று பிரித்தால் யாவாரம் படுத்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. விற்காமல் திரும்பியது ஆட்டுக்குப் போகும்.

என் தங்கச்சிக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயசு. பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவ ஆரம்பித்தாள். கஞ்சிச் சட்டிக்குள் கால் வைத்தாள். மாலைக்கண் என்றார்கள்.

"ஏட்டி, கோழி அடைஞ்சிருச்சு, நீயும் அடையப் போறியா?" என்று நான் கேலி செய்வேன்.

அவள் விடமாட்டாள். "போண்ணே, கோழிக்காச்சும் கூடு தெரியுது. ஒனக்கு ஆனா ஆவன்னா தெரியுதா?"

அம்மா பயந்துபோய்க் குலசாமிக்கு நேர்ந்துகொண்டாள். "எம்பிள்ளைக்குக் கண்ணத் தா, ஒனக்குக் கிடா தாரேன்." கிடாக்குட்டி வந்ததும் அய்யா தாராளமானார். சாமி கிடாவுக்கு வாடின கீரை ஆகாதென்று, கட்டுவதற்கு முன்பே பச்சைக் கீரையில் ஒரு கை அள்ளி ஒதுக்குவார். அதை ஊட்டுவது என் பொறுப்பு. ஒருநாள் தங்கச்சி கிடாவின் வாயிலிருந்து ஒரு தண்டை உருவி மென்றுவிட்டாள். அம்மா அவள் வாயைத் தோண்டித் துப்ப வைத்தாள்.

"சாமிக்கு வச்சதுல வாய் வைக்கியே! அதாண்டி ஒங்கண்ணு இப்படிப் போவுது."

கிடா மினுமினுவென்று ஆனது. தங்கச்சியின் கண் ஈரப்பசை இல்லாமல் வறண்டது. பிறகு அம்மை போட்டது. அம்மை இறங்கியபோது இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா இமையை விலக்கிப் பார்த்தார்.

"பிள்ளைக்குக் கீரை, பப்பாளி ஏதாச்சும் குடுக்கிறதுண்டா?"

அய்யாவுக்கு அந்த நேரத்திலும் பெருமை விடவில்லை. "கீரையா? ராயபாளையமே நம்ம கீரையத்தான தாயி திங்குது!"

"ஊரைக் கேக்கலை. இந்தப் பிள்ளை தின்னுச்சா?"

அய்யா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டரம்மா, கையைக் கழுவப் போய்விட்டார்.

நேர்ந்த கிடாவை நிறுத்தி வைக்கக் கூடாதென்று மாசியில் வெட்டினார்கள். எம்புட்டுக் கறி, எம்புட்டுக் கொழுப்பு என்று பங்காளிகள் மெச்சினார்கள். ஈரல், வழக்கப்படி பூசாரிக்குப் போனது. நான் வளர்த்த கிடா என்று நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிடா பெருசாண்ணே?"

"ஒனக்காக வளத்ததுல்லா? பெருசுதான்."

அவள் வயிற்றுக்குப் போயிருக்க வேண்டிய அம்புட்டும் அந்தத் தோலுக்குள்தான் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

என் கடையை இப்போது விவசாயிகள் சங்கமாக நடத்துகிறோம். வாசலுக்குப் புதுப் பெயர்ப்பலகை வரப்போகிறதாம். வீட்டுக்கட்டு யாரோ படித்தவர்கள் கொண்டுவந்த திட்டம் என்று மேடையில் பேசுகிறார்கள். அந்தக் கதை நடக்காது. பலகையில் என் பேர் வர வேண்டும். பெயிண்டில் எழுத வேண்டாம், கல்லில் ஆழமாக வெட்டுங்கள். என் தங்கச்சி தினமும் அந்த வாசலில் உட்கார்ந்துதான் கீரை கட்டுகிறாள். அவள் தடவிப் பார்க்க வேண்டும்.